கப்பல் பட்டியலிலிருந்து கட்டுரை வரை: தமிழர் குடிபெயர்வு ஆய்வில் பின்காலனியக் கோட்பாட்டைக் கையாளும் முறை

தமிழர் குடிபெயர்வை ஆராய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் முதல் இயலில் எட்வர்ட் சயீத், ஹோமி பாபா, காயத்ரி ஸ்பிவாக் என்று பின்காலனியக் கோட்பாட்டாளர்களின் பெயர்களை அடுக்கிவிட்டு, ஆவணங்களுக்கு வரும்போது அந்தப் பெயர்களைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள். அடுத்த இயல் முழுக்கக் காலனிய அரசின் அறிக்கையை வரி மாறாமல் தமிழாக்கியதாக இருக்கும். இன்னொரு சாரார் கோட்பாடே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பட்டியலில் உள்ள வயதையும் சாதியையும் ஊரையும் அப்படியே எண்ணி அட்டவணை போடுகிறார்கள். இரண்டு பேரும் செய்யும் பிழை ஒன்றுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பத்தியும் (பெயர், வயது, சாதி என்று தலைப்பிட்ட செங்குத்துக் கட்டம்) யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காகக் கேட்ட கேள்வி. அந்தத் தேவை என்னவென்று அவர்கள் பார்ப்பதில்லை. பின்காலனியக் கோட்பாடு, அதாவது காலனிய ஆட்சி உருவாக்கிய அறிவையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்கும் சிந்தனை, ஆவண வாசிப்பில் தரும் முதல் உதவி இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான்.

கீழே உள்ளது ஒப்பந்தக் கூலி முறையையும் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுப் போவது) கங்காணி முறையையும் (ஊரில் ஆள் திரட்டித் தோட்டத்தில் மேற்பார்க்கும் கங்காணியின் கூட்டத்தோடு போவது) மனதில் வைத்து எழுதப்பட்ட செய்முறை. காலம் ஏறக்குறைய 1834 முதல் 1974 வரை.

கேள்வியைச் சுருக்குவது

"இலங்கை மலையகத் தமிழரின் அடையாளம்" என்பது தலைப்பு. ஆய்வுக் கேள்வி ஆகாது. "1860 முதல் 1866 வரை சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களில் சாதிப் பத்தியில் 'மலபார்' என்று எழுதப்பட்டவர்கள் யார், பிந்தைய பட்டியல்களில் அந்தச் சொல் என்ன ஆகிறது?" என்பது கேள்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. இதற்கு விடை எந்த ஆவணத் தொடரில் இருக்கும் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பெரியது.

தனியாள் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலைக்கு 300 முதல் 500 வரிகள் போதும்: ஒரு கப்பல், அல்லது ஒரு மாவட்டத்தின் ஐந்தாண்டு, அல்லது ஒரு தோட்டத்தின் பிறப்பு இறப்புப் பதிவேடு. ஐயாயிரம் வரிகளைக் கணினியில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் ஒரு வரியையும் வாசித்திருக்க மாட்டார்கள்.

எந்தக் கரைக்கு எந்தத் தாள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் வீணாகிறது. "எங்கள் பாட்டனார் கண்டிக்குப் போன கப்பல் பட்டியல் எங்கே கிடைக்கும்?" என்று தேடி அலைகிறவர்கள் ஏராளம். அப்படி ஒரு பட்டியல் எழுதப்பட்டிருக்கவே வாய்ப்பு குறைவு. இலங்கைப் பெருந்தோட்டங்களுக்குப் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போனவர்கள் அல்லர். கங்காணியின் கூட்டத்தோடு தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே நடந்து மலைக்கு ஏறியவர்கள். இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டங்களும் 1922 சட்டம் வரும்வரை இலங்கையைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருந்தன. பாதுகாக்க ஓர் அதிகாரி இல்லாத இடத்தில் அவர் நிரப்பும் படிவமும் இல்லை. ஆவணம் இல்லாததே ஒரு கொள்கையின் விளைவு. அதை உங்கள் கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பாக எழுதலாம்.

இலங்கைக்குத் தேட வேண்டியவை வேறு: தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு), பிறப்பு இறப்புப் பதிவேடு, இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்த தட்டப்பாறை, மண்டபம் முகாம்களின் தாள்கள், கங்காணியின் கடன் கணக்கு, துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) சங்கங்களின் ஆண்டறிக்கை. இவற்றைவிடச் செழிப்பானது, பலர் தொடாதது, 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விண்ணப்பங்கள். மணமானவர் 1946-க்கு முந்தைய ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததை நிறுவ வேண்டியிருந்தது. அதற்காக ஒருவர் எந்தத் தோட்டத்தில் எப்போது பெயர் பதிந்தார், எப்போது ஊருக்குப் போய்த் திரும்பினார் என்று சொல்ல நேர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை வரலாற்றுக்கு மிக அருகில் வரும் தாள் இது. ஆனால் அதிகாரியைத் திருப்திப்படுத்தச் சொல்லப்பட்ட வரலாறு. ஊருக்கு அடிக்கடி போய்வந்தவர் அதைக் குறைத்துச் சொல்லவே காரணம் இருந்தது.

நேட்டால், மொரீசியஸ், பிஜி என்றால் கதை மாறும். மொரீசியஸுக்கு 1834 நவம்பர் 2-இல் அட்லஸ் கப்பலும், நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலும் போய்ச் சேர்ந்தன. பிஜிக்கு 1879-இலேயே கல்கத்தாவிலிருந்து கப்பல் போனாலும் தென்னிந்திய ஆள்சேர்ப்பு 1903-இல்தான் தொடங்கியது. ஆகவே 1890-இல் பிஜிக்குப் போன தஞ்சாவூர்க்காரரைத் தேடுகிறவர் முதலில் ஆண்டைச் சரிபார்க்க வேண்டும். இந்த நாடுகளுக்குப் போனவர்களுக்குப் பெயர் சொல்லும் பட்டியல் உண்டு. மொரீசியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஒரு காலகட்டத்திலிருந்து புகைப்படமும் சேர்ந்திருக்கும்.

மலாயாவில் ஒப்பந்தமும் கங்காணியும் கலந்து வருகின்றன. அங்கே ஒப்பந்தக் கூலிக்குச் 'சஞ்சிக் கூலி' என்று பெயர். 1910-இல் அம்முறை ஒழிந்தது. 1907-இல் அமைந்த குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுத்து ஆள் எடுத்தார்கள்; 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடுத்ததோடு அதுவும் நின்றது. நாகப்பட்டினம், பினாங்கு ஆகிய இரு துறைமுகங்களின் தாள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் பக்கம் போனவர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள். அந்தத் தாள்கள் பிரெஞ்சு மொழியில், பிரான்சின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும்.

சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் தேடும்போது ஆண்டு, துறை, ஆணை எண், தேதி ஆகிய நான்கும் இல்லாமல் எந்தக் குறிப்பையும் எடுக்காதீர்கள். முதலில் அந்தந்த ஆண்டின் துறைவாரி அகரவரிசைச் சுட்டியைக் கேளுங்கள். அதில் "எமிகிரேஷன்", "கூலி", "சிலோன்", "நேட்டால்" என்று நான்கு சொற்களிலும் பாருங்கள். ஒரே கோப்பு ஒரு ஆண்டில் ஒரு சொல்லின் கீழும் அடுத்த ஆண்டில் வேறு சொல்லின் கீழும் போயிருக்கும். இலங்கை லண்டனில் காலனி அலுவலகத்தின் கீழும் இந்தியா இந்திய அலுவலகத்தின் கீழும் இருந்தன என்பதை மறந்தால் கடிதப் போக்குவரத்தின் ஒரு பாதிதான் கையில் சிக்கும். மண்டபம் முகாம் இதற்கு நல்ல சான்று: நிலம் இந்தியாவில், நிர்வாகம் இலங்கை அரசிடம். அதே இடம் பிற்காலத்தில் இலங்கை அகதிகளுக்கான முகாமானது. ஒரே இடத்தைப் பற்றி மூன்று விதமான அரசு மொழிகளை அடுத்தடுத்து வைத்து வாசிக்கக் கிடைப்பது அரிது.

பெயரைத் தேடாதீர்கள், ஒலியைத் தேடுங்கள்

பட்டியலை எழுதியவர் பெயரைக் கேட்டது காதால், எழுதியது ஆங்கிலத்தில். முனுசாமி என்ற பெயர் மூன்சாமி, முனிசமி, மூனூசாவ்மி என்று பல வடிவம் எடுக்கும். ழகரம் எப்போதும் சிக்கல்: பழனி 'புலனி', 'பல்னி', 'பாஸனி' என எது வேண்டுமானாலும் ஆகியிருக்கும். தேடும் முன் ஒவ்வொரு பெயருக்கும் ஆறேழு எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். 'வ'வும் 'ப'வும் இடம் மாறும், 'எ' முன்னால் 'ய' ஒட்டிக்கொள்ளும், எல்லப்பன் 'யெல்லப்பா' ஆவார்.

ஊர்ப் பெயரும் அப்படியே. டாஞ்சூர், டிரிச்சினாபலி, டின்னவெல்லி, சிங்கிள்புட் என்ற பழைய மாவட்ட வடிவங்களில் தேட வேண்டும். அன்றைய மாவட்ட எல்லை இன்றைய எல்லை இல்லை. அன்றைய வட ஆர்க்காட்டில் இருந்த ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

நேட்டாலுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அங்கே இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். முதலாளிக்கு ஒப்படைத்தது, பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் முறையிட்டது, இறந்தது, ஊர் திரும்பியது எல்லாம் அந்த எண்ணோடுதான் பதிவாகும். பெயர் கோப்புக்குக் கோப்பு மாறினாலும் எண் மாறாது. எண்ணைப் பிடியுங்கள். கட்டுரையில் இதையே சொல்லவும் செய்யுங்கள்: இந்த ஆவணத்துக்குள் ஒருவரைப் பின்தொடர நமக்கும் அவரை எண்ணாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இன்று குடும்பப் பெயராக வழங்கும் 'மூன்சாமி' எப்போதோ ஒருவரின் சொந்தப் பெயர். 'கோவெண்டர்' என்பது கவுண்டர். தந்தை பெயர் எழுதும் பத்தி ஒரு தலைமுறையில் குடும்பப் பெயராக உறைந்ததன் தடம் இது. அந்தப் பெயரைக் கொண்டு சாதியையோ ஊரையோ ஊகிக்காதீர்கள். கவுண்டர் என்ற பட்டம் பல சாதிகளுக்கு உண்டு.

ஒரு வரியை மெதுவாக வாசித்தல்

பிஜி வகைக் குடிபெயர்வுச் சீட்டின் அமைப்பில், பயிற்சிக்காகக் கோக்கப்பட்ட ஒரு மாதிரி வரி இது; உண்மை ஆள் அல்ல:

எண் 47. முனியம்மா. தகப்பன் ராமன். பெண். வயது 25. சாதி வன்னியா. ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா வாலாஜா, கிராமம் பூடூர். அடுத்த உறவு: இல்லை. உயரம் 4 அடி 11 அங்குலம். அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.

ஒவ்வொரு பத்திக்கும் நான்கு கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் கேட்டார்? பதில் சொன்னது வாயா, உடம்பா, கூட வந்த ஆளா? பொய் சொல்வதால் யாருக்கு என்ன கிடைத்தது? இந்தத் தகவல் பிறகு எங்கே பயன்பட்டது?

உயரமும் தழும்பும் எதற்கு? ஆரோக்கியத்தைப் பதிய அல்ல. ஆள் மாறாமலிருக்க, ஓடிப்போனால் பிடிக்க. கேட்டுப் பதிந்ததல்ல, பார்த்துப் பதிந்தது என்பதால் பட்டியலிலேயே ஓரளவு நம்பகமான தகவலும் அதுதான். மிகவும் நம்பத்தக்க பத்தி மிகவும் வன்மையான பத்தியாக இருக்கிறது. இந்த முரணைக் கவனிக்கக் கோட்பாட்டுப் பெயர் எதுவும் தேவையில்லை.

"அடுத்த உறவு: இல்லை." இதை வைத்து "யாருமற்ற அபலை" என்று எழுதத் துடிக்கும் கை. நிறுத்துங்கள். உண்மையில் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஊருக்குச் செய்தி போகக்கூடாது என்று அவரே மறைத்திருக்கலாம். எழுத்தர் கேட்கவே இல்லாமல் கோடு போட்டிருக்கலாம். மூன்றில் எது என்று அந்த ஒரு வரி சொல்லாது. அதே கப்பலில் மற்ற பெண்களுக்கு அந்தப் பத்தி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எல்லாப் பெண்களுக்கும் 'இல்லை' என்றால் அது எழுத்தரின் பழக்கம். சிலருக்கு மட்டும் என்றால் கேள்வி தொடரும்.

பெண் என்ற பத்திக்குப் பின்னால் ஒரு விகிதமும் இருந்தது. 100 ஆணுக்கு 40 பெண் என்ற அளவு நிரம்பாமல் கப்பல் புறப்படுவது கடினம். ஆகவே பெண்ணைச் சேர்ப்பதில் ஆள்பிடிப்பவருக்குத் தனி அக்கறை இருந்தது, 'கணவன் மனைவி' என்று டிப்போவில் (கப்பலுக்குக் காத்திருக்கும் முகாமில்) சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பட்டியலில் உள்ள திருமணங்களைக் குடும்ப அமைப்புக்குச் சான்றாகக் காட்டும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

கிராமம் 'பூடூர்' என்பது புதூராக இருக்கலாம். தமிழ்நாட்டில் புதூருக்கா பஞ்சம்! தாலுகா இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அருகிலுள்ள ரயில் நிலையத்தை வைத்து ஊரை ஊகிப்பது கட்டுரையைக் கெடுக்கும்.

சாதிப் பத்தி தனி வகை. ஆரம்பகால நேட்டால் பட்டியல்களில் அந்தப் பத்தியில் 'மலபார்', 'ஜென்டூ', 'கிறித்தவன்' என்றெல்லாம் வரும். மலபார் என்பது தமிழரைக் குறிக்க ஐரோப்பியர் வைத்த பொதுப்பெயர், ஜென்டூ பெரும்பாலும் தெலுங்கர்; இரண்டும் சாதிப் பெயரே அல்ல. அங்கே 'சாதி மறைந்துவிட்டது' என்று எழுதுவது தவறு; எழுத்தருக்கு அந்த நேரத்தில் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

வயதுக்கு ஒரு கணக்கு

பிறந்த தேதி தெரியாதவரிடம் வயது கேட்டால் 20, 25, 30 என்று முழுதாக வந்து விழும். அதை அளக்க விப்பிள் குறியீடு போதும். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுங்கள். அவர்களில் 0-இலோ 5-இலோ முடியும் வயதுடையவர்களை எண்ணுங்கள். அதை மொத்தத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் குவியல் இல்லை. 500 வந்தால் எல்லா வயதும் முழு எண். உதாரணமாக 200 பேரில் 118 பேர் அப்படி என்றால், 40-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 295 வரும். அப்படிப்பட்ட பட்டியலில் 'சராசரி வயது 24.6' என்று தசமப் புள்ளியோடு எழுதுவது வெட்கக்கேடு.

கூலிக் கப்பல்களில் 40-க்கு மேல் ஆள் மிகக் குறைவு என்பதால் குறியீடு சற்றுக் கோணலாகத்தான் வரும். கப்பலுக்குக் கப்பல் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ஆள்சேர்ப்பு விதியில் வயது வரம்பு இருந்திருந்தால் அதற்குச் சற்றுக் கீழே ஒரு குவியல் தெரியும். அது மறதியால் வந்ததல்ல, விதியைப் படித்தவர் சொல்லிக்கொடுத்த வயது.

ஓடிப்போனவர், போனவர்

வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா 1983-இல், கிளர்ச்சி பற்றிய அரசு எழுத்தை வாசிக்க ஒரு பயிற்சியைக் காட்டினார். சம்பவ நேரத்து அதிகாரி கடிதம் முதல் அடுக்கு, பின்னால் எழுதிய நினைவுக் குறிப்பும் அறிக்கையும் இரண்டாம் அடுக்கு, வரலாற்றாசிரியர் எழுதுவது மூன்றாம் அடுக்கு. முதல் அடுக்கின் சொல் மாறாமல் மூன்றாம் அடுக்குக்கு ஏறிவிடுகிறது என்பது அவர் வாதம். குடிபெயர்வு ஆவணத்துக்கும் இதை அப்படியே செய்யலாம். உங்கள் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். பிறகு 1-இல் உள்ள வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதுங்கள்: தப்பியோடினான், ஏமாற்றினான், சோம்பி இருந்தான், கலகம் செய்தான். எதிரே, தீர்ப்பு இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: வேலையை விட்டுப் போனான், கடனைக் கொடுக்கவில்லை, வேலைக்கு வரவில்லை, கூட்டமாகப் போய் முறையிட்டார்கள்.

இலங்கையில் இதற்குச் சட்டத்தின் எடையும் உண்டு. 1865-இன் 11-ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விடுவது குற்றம். 'தப்பியோடிய கூலி' என்ற சொற்றொடர் துரையின் வசவு மட்டுமல்ல, அந்தச் சட்டத்தின் வகைப்பாடு. இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்தால் எந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும், எதை உங்கள் சொல்லாக எழுதலாம் என்பது தானே தெரியும். இந்தப் பயிற்சிக்கு ஒரு ஆபத்தும் உண்டு: எல்லாவற்றையும் 'எதிர்ப்பு' என்று மாற்றிவிடுவது. காய்ச்சலில் படுத்தவரும் வேலைக்கு வராதவர்தான்.

காலனிய ஆவணங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஆன் ஸ்டோலர் சொல்லும் எச்சரிக்கையும் இங்கே உதவும். ஆவணத்தை எதிர்த்து வாசிக்கும் முன் அதன் போக்கிலேயே வாசியுங்கள்: அதிகாரி எதற்குப் பதறுகிறார், எங்கே தடுமாறுகிறார், எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று பாருங்கள்.

கங்காணியை எங்கே நிறுத்துவது

பின்காலனியக் கோட்பாட்டைத் தமிழ்ச் சூழலுக்கு எடுத்துவரும்போது முறிவது இங்கேதான். வெள்ளை ஆட்சியாளர் ஒரு பக்கம், அடிமைப்பட்டவர் மறுபக்கம் என்று கோடு போட்டால் கங்காணிக்கு இடம் கிடைக்காது. அவர் அதே ஊர்க்காரர், பல நேரம் அதே சாதி அல்லது உறவு. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுகிறார், வழிச்செலவைக் கடனாக எழுதுகிறார், பிரட்டில் (வேலைக்கு முன் ஆட்களை நிறுத்தும் அணிவகுப்பில்) தன் ஆட்களை நிறுத்துகிறார், வந்த ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு வாங்குகிறார். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று துரையிடம் போய்ப் பேசுவதும் அவரே.

'துண்டு' முறை இதைத் தெளிவாகக் காட்டும். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் கூட்டத்துக்குத் துரை ஒரு சீட்டு கொடுப்பார். இந்தக் கூட்டத்தின் பெயரில் இவ்வளவு கடன் உள்ளது, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும்; கடன் மறையாது, கைமாறும். 1921-இல் சட்டம் இதைத் தடுத்தது. ஒரு துண்டில் ஆட்களின் எண்ணிக்கையும் தொகையும் இருக்கும். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்து, அன்றைய நாட்கூலியோடு ஒப்பிடுங்கள். எத்தனை நாள் உழைப்பு அந்தச் சீட்டில் கட்டப்பட்டிருக்கிறது என்று வந்துவிடும். கோட்பாட்டில் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வகுத்தல் அதிகம் பேசும்.

ஆகவே உங்கள் தரவில் ஒரு கூடுதல் பத்தி சேருங்கள்: இந்தத் தகவல் கங்காணி வழியாக வந்ததா, நேரடியாக வந்ததா? சாதி, ஊர், உறவு ஆகிய மூன்றும் அவர் வாய்வழி வந்திருந்தால் அது கூட்டத்தைப் பற்றிய அவரது சித்திரம். மலையகம் பற்றிய பல ஆய்வுகள் சாதியைத் தொட்டும் தொடாமலும் போவதற்குக் காரணம் கோட்பாட்டின் குறை மட்டுமல்ல. எழுதுகிறவர்களுக்கும் அது சௌகரியம்.

சப்ஆல்டர்ன் (அதிகாரத்துக்குக் கீழே வைக்கப்பட்டவர்) என்பதற்கு நம்மிடம் புழங்கும் இரண்டு சொற்களையும் இங்கே எடை போட வேண்டும். 'விளிம்புநிலை' என்றால் ஓரத்தில் இருப்பவர். 'அடித்தள மக்கள்' என்றால் கீழே இருந்து தாங்குபவர். தேயிலைத் தொழிலின் ஓரத்தில் கொழுந்து பறிப்பவர் நிற்கவில்லை, அதன் அடியில் நிற்கிறார். தோட்டத்துக்கு இரண்டாவது சொல் பொருந்தும், குடியுரிமைப் பேச்சுக்கு முதல் சொல் பொருந்தலாம். ஒன்றைத் தேர்ந்தால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'சப்ஆல்டர்ன் பேச முடியுமா?' என்ற ஸ்பிவாக்கின் புகழ்பெற்ற கேள்வியையும், அந்த மக்களுக்கு வாய் இல்லை என்ற பொருளில் எடுத்தாளாதீர்கள். பேசினாலும் அது பேச்சாக ஏற்கப்படும் இடம் அமைப்பில் இல்லை என்பதே அதன் கூர்மை.

எண்கள் எப்படிப் பொய் சொல்கின்றன

காப்பிக் காலத்தில் இலங்கைக்கு வந்தவர்களில் பலர் அறுவடைப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பி மறுபடியும் வந்தவர்கள். வருகைப் பதிவுகளைக் கூட்டினால் ஒரே ஆளைப் பல முறை எண்ணுகிறோம். வருகையிலிருந்து புறப்பாட்டைக் கழித்தால் வருவது 'குடியேறியவர்கள்' அல்ல. தங்கியவர், இறந்தவர், பதிவில்லாமல் திரும்பியவர் எல்லோரும் சேர்ந்த தொகை. இதை 'இறப்பு' என்று எடுத்தாலும் தவறு, 'மக்கள்தொகை' என்று எடுத்தாலும் தவறு.

வகைப்பாடு மாறிய ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கணக்கெடுப்பு 1911-இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாகப் பிரித்தது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்தால் கோடு குதிக்கும். ஆட்கள் குதித்திருக்க மாட்டார்கள்.

எண் முன்னால் வந்து ஆள் பின்னால் வந்ததற்கு 1964 அக்டோபர் 30-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைவிட நல்ல சான்று இல்லை. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் நின்ற இந்திய வம்சாவளியினரை இரு நாடுகளும் பங்கிட்ட ஒப்பந்தம் அது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு பார்க்கலாம் என்று 1,50,000. அந்த மீதியை 1974-இல் நாட்டுக்கு 75,000 பேர் என்று பங்கிட்டார்கள். ஒருவருடைய விருப்பத்தையும் கேட்பதற்கு முன்பே தொகை முடிவாகிவிட்டது. இதன் பின் இந்தியா வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இலங்கையில் பிறந்து, இந்தியாவைப் பார்த்தே இராதவர் எங்கே திரும்பினார்? இந்தச் சொல்லைக் கட்டுரையில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அது அரசின் சொல் என்று தெரியும்படி எழுதுங்கள். புலம்பெயர்ந்தோர், இடம்பெயர்ந்தோர், அகதி, குடியேறியவர் ஆகியவற்றுக்கும் இதே விதி. கூலி என்ற சொல்லும் அப்படித்தான்: தமிழில் அது வேலைக்குக் கொடுக்கும் காசு, தோட்டத்துக் கணக்கில் அது வாங்கும் ஆளாகிவிட்டது.

வாய்மொழிக்குப் போகும்போது

"என்னென்ன கஷ்டப்பட்டீர்கள்?" என்று கேட்டால், இதற்கு முன் வந்துபோன எல்லோருக்கும் சொன்ன பதில்தான் வரும். "பிரட்டுக் களத்தில் யார் எங்கே நிற்பார்கள்?", "லயத்தில் உங்கள் காம்பிராவுக்கு அடுத்து யார்?", "கங்காணி வீட்டில் எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, காம்பிரா அதில் ஓர் அறை. இடத்தையும் பொருளையும் கேட்டால் சாதியும் அதிகாரமும் தாமாக வெளியே வரும். கங்காணி வழி வந்த குடும்பத்தையும் கூலி வழி வந்த குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள்.

ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்தால் மலையக, மலேசிய வட்டாரச் சொற்கள் 'திருத்தப்பட்டு' வரும். கித்தா 'ரப்பர்' ஆகும், பிரட்டு 'வரிசை' ஆகும். போனது போனதுதான்.

தோட்டத்து நாட்டுப்பாடல்களைச் சான்றாக எடுப்பவர்கள், அது சேகரிக்கப்பட்ட ஆண்டை எழுதுங்கள். 1950-களில் பாடிப் பதிந்த பாட்டு 1850-களின் நடைப்பயணத்துக்கு நேர்ச்சான்று ஆகாது. அந்தப் பயணத்தை நூறாண்டு கழித்து எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்குச் சான்று.

எழுதும் மேசையில்

ஒரு இயலுக்கு ஒரு கருத்தாக்கம் போதும். எழுதி முடித்ததும் கோட்பாட்டாளர் பெயரை அடித்துவிட்டு வாக்கியத்தை வாசியுங்கள். ஏதாவது மிஞ்சுகிறதா? "பாபாவின் கலப்பினக் கருத்தாக்கத்தின்படி லயத்து வாழ்வு ஒரு மூன்றாம் வெளி" என்ற வாக்கியத்தில் பெயரை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று எழுதியிருந்தால் மிஞ்சும்.

அவர் என்ன நினைத்தார், என்ன உணர்ந்தார் என்ற வாக்கியங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஆதாரம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் "முனியம்மா கண்ணீரோடு கப்பல் ஏறினார்" என்பதை "முனியம்மாவின் சீட்டில் உறவுப் பத்தி 'இல்லை' என்று இருக்கிறது, அந்தக் கப்பலின் மற்ற பெண்களில் இத்தனை பேருக்கும் அப்படியே" என்று மாற்றுங்கள்.

அட்டவணை போடும்போது காலியான கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மூன்று குறிகள் வைத்துக்கொள்ளுங்கள்: 'கே' என்றால் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை, 'நி' என்றால் பத்தி இருந்தும் நிரப்பவில்லை, 'சி' என்றால் தாள் சிதைந்து வாசிக்க முடியவில்லை. முதலாவது சட்டத்தைப் பற்றியது, இரண்டாவது எழுத்தரைப் பற்றியது, மூன்றாவது கரையானைப் பற்றியது. மூன்றையும் ஒரே கோடாகப் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க ஆவணக்காப்பகத்துக்கு மறுபடியும் போகத்தான் வேண்டும்.

கடைசியாக, வாரிசுகள் உயிரோடு இருக்கும் காலத்துத் தாள்களை வெளியிடும்போது பெயரை மறைத்து எண்ணை மட்டும் கொடுங்கள். சாதிப் பத்தியை அட்டவணையில் மொத்தமாகக் காட்டலாம்; ஒரு ஆளின் பெயரோடும் ஊரோடும் சேர்த்து அச்சிடாதீர்கள். வசைச் சொல்லாகிவிட்ட பழைய சாதிப் பெயர் மூலத்தில் இருந்தால் ஒரு முறை, மேற்கோளுக்குள், எழுத்துக்கூட்டல் மாறாமல் கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் அந்த மக்கள் இன்று தமக்கு வைத்துக்கொண்டிருக்கும் பெயரை எழுதுங்கள்.